கொள்ளிடக்கரை முதலைகள்: எச்சரிக்கை ஒலிகளும் பாதுகாப்பும்

கொள்ளிடக்கரை முதலைகள் என்று இக்கட்டுரை குறிப்பிடுவது, கடலூர் மாவட்டத்தின் தென் எல்லையாக ஓடும் கொள்ளிடத்திலும், அதன் பழைய தடமான பழைய கொள்ளிடத்திலும், அவற்றோடு தொடர்புள்ள வாய்க்கால், குளம், குட்டைகளிலும் வாழும் சதுப்புநில முதலைகளை ஆகும். சிதம்பரத்தை அடுத்த வல்லம்படுகை, வேளக்குடி, பழையநல்லூர், அகரநல்லூர் போன்ற ஊர்களில் ஆற்றில் குளிப்பவர்களையும் துணி துவைப்பவர்களையும் மாடு கழுவுபவர்களையும் முதலை கடித்த நிகழ்வுகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. உயிரிழப்புகளும் உண்டு. மழைக்காலத்தில் முதலை வயலுக்கும் வீட்டுக் கொல்லைக்கும் வந்துவிடுவது இப்பகுதியில் வழக்கமான செய்தி.

காட்டு விலங்குகள் பெரும்பாலும் தாக்கும் முன் ஏதாவது ஒரு விதத்தில் எச்சரிக்கும். கரடி மூச்சை வெடுக்கென்று விட்டு உறுமும். யானை காதை விரித்துப் பிளிறும். கண்ணாடி விரியன் உடலைச் சுருட்டிக்கொண்டு உரக்கச் சீறும். முதலையும் எச்சரிக்கும் விலங்குதான். ஆனால் அது எப்போது ஒலி எழுப்பும், எப்போது எழுப்பாது என்பதில்தான் ஆபத்தின் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. தன்னையும் தன் குஞ்சுகளையும் காக்கும்போது அது சத்தம் போடும். இரை பிடிக்கும்போது போடாது.

விலங்கும் பெயரும்

சதுப்புநில முதலையின் விலங்கியல் பெயர் குரோகோடைலஸ் பலுசுட்ரிஸ். நன்னீர் முதலை என்றும் இதை அழைப்பர். ஈரானின் தென்கிழக்குப் பகுதியிலிருந்து பாகிசுத்தான், இந்தியா, நேபாளம், இலங்கை வரை பரவியுள்ள இனம் இது. அகன்ற, மழுங்கிய முகவாய் இதன் அடையாளம். பெண் முதலை ஏறத்தாழ 2 முதல் 2.5 மீட்டர் வரையும், ஆண் 3 மீட்டருக்கு மேலும் வளரும். 4 மீட்டரைத் தாண்டிய ஆண்களும் உண்டு. மீன், நண்டு, நத்தை, தவளை, நீர்ப்பறவை ஆகியவை முக்கிய உணவு. பெரிய முதலைகள் நாய், ஆடு, கன்றுக்குட்டி ஆகியவற்றையும் பிடிக்கும். குளிர் இரத்த விலங்கானதால் இதற்கு அன்றாடம் தீனி தேவையில்லை. வயிறு நிறைய ஒரு முறை தின்றால் வாரக்கணக்கில் கிடக்கும்.

தமிழருக்கு முதலை புதிதன்று. சங்க நூலான குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்களைத் தனித்தனியே சொல்கிறது. திருக்குறளின் 'இடனறிதல்' அதிகாரம், ஆழமான நீரில் முதலை பிறவற்றை வெல்லும் என்றும், நீரை விட்டு வெளியே வந்தால் அதைப் பிற உயிர்கள் வென்றுவிடும் என்றும் கூறுகிறது. அரசியலுக்காகச் சொல்லப்பட்ட உவமை என்றாலும், முதலையிடமிருந்து தப்ப நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அதுவே.

சிதம்பரம் பகுதியில் ஏன்?

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், காவிரியின் வெள்ள வடிகால். மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது பெரும்பகுதி கொள்ளிடத்தில்தான் போகும். அணைக்கரையில் ஆர்தர் காட்டன் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கீழணை குறுக்கே நிற்கிறது. அங்கிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குப் போகிறது. கீழணையைத் தாண்டிய ஆறு சிதம்பரத்துக்குத் தெற்கே ஓடி, பழையாறு அருகே கடலில் கலக்கிறது. அணைக்கரைப் பகுதியிலும் முதலைகள் உண்டு. வெள்ளத்தோடு அவை கீழே வருவதும், வடிந்த பின் மடுக்களில் தங்கிவிடுவதும் இயல்பு.

ஆண்டின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் ஓட்டம் இருப்பதில்லை. மணல்வெளியின் நடுவே ஆங்காங்கே ஆழமான மடுக்களில் மட்டும் நீர் நிற்கும். மணல் அள்ளிய பள்ளங்களும் இப்போது மடுக்களாகிவிட்டன. நீரோட்டமில்லாத ஆழம், கரையில் நாணலும் கோரையும் சீமைக்கருவேலும், வெயில் காய மணல்திட்டு, நிறைய மீன் ஆகியவை முதலைக்கு வேண்டிய எல்லாம். பழைய கொள்ளிடத்தில் வெங்காயத்தாமரையும் சேர்ந்துகொள்கிறது. அதன் அடியில் மூன்று மீட்டர் முதலை கிடந்தாலும் படித்துறையில் நிற்பவருக்குத் தெரியாது. ஆற்றின் கடைப்பகுதியில் கடல்நீர் ஏறி உவர்ப்பாக இருந்தாலும், இம்முதலை ஓரளவு உவர்நீரைத் தாங்கக்கூடியது.

மனிதருக்கும் வேண்டிய இடம் அதுவே. கோடையில் குளிக்கவும் மாடு குளிப்பாட்டவும் அந்த மடுவைத் தவிர வேறு இல்லாத ஊர்கள் உண்டு. ஒரே நீரை இருவரும் நாடுவதால் வரும் மோதல் இது. 'முதலை இருக்கும் என்று தெரிந்தும் ஏன் இறங்கினார்கள்' என்று நகரத்திலிருந்து கேட்பது எளிது. வீட்டில் குளியலறையும் குழாயும் இல்லாதவருக்கு ஆறுதான் குளியலறை.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். தோலுக்காக வேட்டையாடப்பட்டதால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்திய முதலைகள் அழியும் நிலைக்கு வந்தன. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடைபோட்டது. 1975இல் நடுவண் அரசின் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. ரோமுலசு விட்டேக்கர் 1976இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணையை நிறுவினார். அமராவதி அணைப் பகுதியிலும் முதலை வளர்ப்பு மையம் உருவானது. முதலைகள் இன்று நம் நீர்நிலைகளில் இருப்பதற்கு இந்த முயற்சிகள் முக்கியக் காரணம்.

முதலை எழுப்பும் ஒலிகள்

முதலை இனங்களின் ஒலி வாழ்க்கை முட்டைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. பொரியும் பருவம் நெருங்கியதும் குஞ்சுகள் ஓட்டுக்குள் இருந்தபடியே கத்தும். வாத்துக் குஞ்சுக்கும் தவளைக்கும் இடைப்பட்ட ஒரு குரல் அது. ஒன்று கத்த மற்றவையும் சேர்ந்துகொள்ளும். இதைக் கேட்டதும் தாய் குழியைத் தோண்டி முட்டைகளை வெளியே எடுத்து, குஞ்சுகளை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டுபோகும். சென்னை முதலைப் பண்ணையில் ஆண் முதலையும் இந்த வேலையில் பங்குகொண்டது 1980களில் பதிவாகியுள்ளது. ஊர்வன உலகில் அரிதான தந்தைப் பாசம் என்றே சொல்ல வேண்டும்.

கரையோர ஊர்களில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஒலி இந்தக் குஞ்சுக் குரல். பிறந்த குஞ்சு ஒரு அடி நீளம்கூட இருக்காது. பல்லியைப் போல அழகாக இருக்கும். கையில் பிடித்தால் விட்டுவிட்டுக் கீச்சென்று அலறும். அந்த அலறல் ஆபத்துக் குரல். தாய் மட்டுமன்றி, அக்கம்பக்கத்தில் இருக்கும் வேறு முதலைகளும் அதைக் கேட்டு விரைந்து வரும். கோடையில் ஆற்றோரம் இத்தகைய குரல் கேட்டால், குஞ்சைத் தேடிப் போகாமல் கரையேறி விலக வேண்டும்.

அடுத்தது சீறல். மிதிவண்டி டியூபின் காற்றைத் திடீரென்று திறந்துவிட்டதைப் போலவும், கொல்லன் துருத்தியைப் போலவும் நீளமாக வரும். நுரையீரலில் காற்றை நிரப்பி உடலை உப்பவைத்து, வாயைத் திறந்து அதை வெளியேற்றுவதால் வரும் ஓசை. 'நெருங்காதே' என்பதே இதன் பொருள். முட்டைக் குழிக்கு அருகே போனாலோ, தரையில் வழி மறித்தாலோ, வலையில் சிக்கியபோது கிட்டே போனாலோ இந்தச் சீறல் வரும். கூடவே வாலை அடிப்பதும், முன்னே பாய்வதுபோல் ஓரடி வருவதும் உண்டு. சில வேளை அடித்தொண்டையில் உறுமலாகவும் மாறும். சீறலைக் கேட்டவர் நின்று பார்க்கவோ கல்லெறியவோ கூடாது. முதலையைப் பார்த்தபடியே பின்வாங்கி, பிறகு நீருக்கு எதிர்த்திசையில் விலக வேண்டும். முதலைக்கும் நீருக்கும் நடுவில் நிற்பது மிகத் தவறு. அது தப்பிக்க நினைக்கும் வழியை அடைத்ததாகிவிடும்.

மூன்றாவது, நீரை அறையும் ஓசை. தலையை நீர்மட்டத்துக்கு மேல் தூக்கி, தாடையைப் படாரென்று மூடியபடி நீரில் மோதும். துணி துவைக்கும் கல்லில் ஈரத்துணியை ஓங்கி அடித்ததுபோல் கேட்கும். இது பெரும்பாலும் முதலைகளுக்கிடையேயான பேச்சு: 'இது என் இடம்' என்று மற்ற ஆண்களுக்கும், 'நான் இருக்கிறேன்' என்று பெண்களுக்கும் சொல்வது. இனப்பெருக்கப் பருவமான குளிர்கால இறுதியில் இது அதிகம். மனிதரை எச்சரிக்க எழுப்பும் ஒலி இல்லை என்றாலும், அந்த மடுவில் பெரிய முதலை இருப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இதோடு, மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வுகளையும் முதலைகள் எழுப்புகின்றன. அப்போது உடலின் மேல் உள்ள நீர் கொதிப்பதுபோல் துள்ளும்.

வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடப்பதை மிரட்டல் என்று பலர் நினைக்கின்றனர். பெரும்பாலும் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி. நாய் நாக்கைத் தொங்கவிடுவதைப் போன்றது. சீறல் இல்லாமல் வாய் மட்டும் திறந்திருந்தால் அது கோபத்தின் அடையாளமாகாது. அதற்காக அருகில் போய்ப் படம் எடுக்கலாம் என்றும் ஆகாது.

ஒலி இல்லாத தாக்குதல்

மேலே சொன்ன ஒலிகள் எல்லாம் முதலை தன்னைக் காக்கும்போதோ தன் இனத்தோடு பேசும்போதோ எழுப்புபவை. பசியோடு காத்திருக்கும் முதலைக்கு ஒலி எதிரி. கண், காது, மூக்குத்துளை மூன்றும் தலையின் உச்சியில் ஒரே கோட்டில் அமைந்திருப்பதால், உடல் முழுவதும் நீருக்குள் இருக்க அவை மட்டும் மேலே தெரியும். முழுவதும் மூழ்கியபடி நெடுநேரம் இருக்கவும் அதனால் முடியும். தொண்டையில் உள்ள மடிப்பு மூடிக்கொள்வதால் நீருக்குள் வாயைத் திறந்தாலும் நீர் உள்ளே போகாது. முகவாயைச் சுற்றிலும் சிறு புள்ளிகளாகத் தெரியும் உணர்வுறுப்புகள், நீர்ப்பரப்பில் எழும் மிகச் சிறிய அலையையும் அறியும். குடத்தை முக்கும்போது எழும் அலை, பிள்ளைகள் கால் அளையும் அலை, மாடு வாய் வைக்கும் அலை எல்லாம் அதற்குச் செய்திகள்.

முதலைகளின் பொறுமைக்கு ஒரு சான்று சென்னை முதலைப் பண்ணையிலிருந்து 2013இல் வெளியானது. கொக்குகள் கூடு கட்டும் பருவத்தில், முதலைகள் முகவாய் மேல் சுள்ளிகளை வைத்துக்கொண்டு அசையாமல் மிதந்தன. சுள்ளியை எடுக்க வந்த கொக்கைப் பிடித்தன. இத்தகைய விலங்கு, நாள்தோறும் காலை ஆறு மணிக்கு ஒரே படியில் ஒருவர் இறங்குவதைக் கவனிக்காமல் இருக்கும் என்று எண்ண இடமில்லை. எனவே சத்தம் கேட்கவில்லை என்பதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது.

காலமும் அடையாளங்களும்

காதை விடக் கண்ணும் நாட்காட்டியும் இங்கு உதவும். தென்னிந்தியாவில் இம்முதலை மாசி, பங்குனி மாதங்களை ஒட்டி முட்டையிடுகிறது. சரிவான கரையில், நீர்மட்டத்துக்கு மேலே, ஏறத்தாழ அரை மீட்டர் ஆழக் குழி தோண்டி 25 முதல் 30 முட்டைகள் வரை இட்டு மூடிவிடும். இரண்டு மாதங்களுக்குச் சற்று மேல் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும். குழியின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்கிறது. அந்தக் காலம் முழுவதும் தாய் அருகிலேயே இருக்கும். உடும்பு, நரி, கீரி எல்லாம் முட்டைக்கு அலைவதால் அது எப்போதும் விழிப்பாக இருக்கும். விறகு பொறுக்கவோ நாணல் அறுக்கவோ போகிறவர் அந்தக் கரைக்குத் தெரியாமல் வந்துவிட்டால், முன்னே சொன்ன சீறலைக் கேட்க நேரும். கோடையில் மடுக்கள் சுருங்கும். முதலையும் மனிதரும் மாடும் ஒரே குட்டையில் நெருங்குவது அப்போதுதான்.

வெள்ளக் காலம் வேறு வகை. மேட்டூர் நீர் ஆடி, ஆவணியில் வரலாம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். 2018 ஆகத்து மாதத்திலும் 2022 ஆகத்து மாதத்திலும் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது திட்டுக்காட்டூர், கீழகுண்டலப்பாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் போன்ற திட்டு ஊர்களை நீர் சூழ்ந்தது. வெள்ளத்தில் முதலை ஆற்றோடு நிற்பதில்லை. நீர் பரவும் இடமெல்லாம் பரவும். வடிந்ததும் வயல் வாய்க்காலிலும் ஊர்க் குட்டையிலும் தங்கிவிடும். குசராத்தின் வதோதரா நகரில் 2024 ஆகத்து மாதத்தில் விசுவாமித்திரி ஆறு கரைபுரண்டபோது முதலைகள் தெருக்களுக்கே வந்தன. ஆகவே 'எங்கள் குளத்தில் முதலை கிடையாது' என்ற நம்பிக்கையை ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். வெள்ளம் வடிந்த முதல் வாரங்களில் ஊர்க் குட்டையில் பிள்ளைகளை இறக்காமல் இருப்பது நல்லது.

கரையில் பார்க்க வேண்டியவை சில. ஈர மணலில் வழவழப்பாக ஒரு சறுக்குத் தடம் நீருக்குள் போயிருந்தால், முதலை வெயில் காய்ந்து இறங்கிய வழி அது. இரு பக்கமும் விரல் தடமும் நடுவில் வால் இழுத்த கோடும் இருந்தால் ஐயமே வேண்டாம். கரைச் சரிவில் அகன்ற வாயுள்ள பொந்து இருந்தால் கை விடக் கூடாது. இவ்வகை முதலை வளை தோண்டி அதில் தங்கும். வழக்கமாகக் கூச்சலிடும் நீர்க்கோழியும் நாமக்கோழியும் திடீரென்று ஒரு மூலையை விட்டு விலகினால் அதற்கும் காரணம் இருக்கும். இரவில் டார்ச் விளக்கைக் கண்மட்டத்தில் பிடித்து நீர்ப்பரப்பில் அடித்தால், முதலையின் கண் தணல்போல் சிவந்து ஒளிரும். வனத்துறையினர் முதலைகளைக் கணக்கெடுப்பதும் பெரும்பாலும் இந்த முறையில்தான்.

ஆற்றில் இறங்க நேர்ந்தால்

இறங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. முடியாதபோது, கரையிலிருந்து வாளியில் நீர் மொண்டு மேலே வந்து குளிப்பதும் துவைப்பதும் பாதி ஆபத்தைக் குறைக்கும். கைப்பிடி நீளமான மொள்ளும் சட்டியோ கயிறு கட்டிய வாளியோ இருந்தால் நீர் விளிம்பில் குனியவும் வேண்டாம். குனிந்து முகம் கழுவும் நேரமே ஆள் மிகவும் ஏமாந்த நிலையில் இருப்பது. இடுப்பளவு நீர் ஆபத்து, முழங்காலளவு பாதுகாப்பு என்ற எண்ணம் தவறு. முழங்காலளவு நீரே முதலை மறைந்து வரப் போதுமானது.

விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் நீருக்குள் இருக்கக் கூடாது. ஒரே நேரத்தில் ஒரே படியில் தனியாக இறங்கும் பழக்கத்தை மாற்ற வேண்டும். கூட்டமாகப் போனால் ஒருவர் கரையில் நின்று நீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த வேலையைப் பெரியவர் ஒருவர் ஏற்க வேண்டும். பிள்ளைகளிடம் விடக் கூடாது. படித்துறையை ஒட்டிய வெங்காயத்தாமரையையும் புதரையும் அகற்றி வைத்தால் நீர் கண்ணுக்குத் தெரியும். மீன் குடலையும் கோழிக் கழிவையும் படித்துறை அருகே கொட்டுவது முதலைக்கு விருந்து வைத்து அழைப்பதற்குச் சமம். இறைச்சிக் கடைக் கழிவை ஆற்றில் தள்ளும் வழக்கத்தை ஊராட்சிகள் கண்டிப்புடன் நிறுத்த வேண்டும்.

மீன் பிடிப்பவருக்கு ஆபத்து கூடுதல். நீரில் நின்று கையால் தடவிப் பிடிப்பது மிக மோசம். வலையில் மாட்டிய மீன் துடிப்பதே முதலையை இழுக்கும். வலையை மேலே இழுத்த பிறகே பிரிக்க வேண்டும். மாடு கழுவுபவர், மாட்டைக் கரையில் கட்டி நீர் இறைத்து ஊற்றலாம். மாடு மிரண்டு நீரை விட்டு வந்தால் அதட்டி உள்ளே விரட்டுவது கூடாது; அது மனிதருக்கு முன்பே அறிந்திருக்கும்.

தரையில் முதலை எதிரே வந்தால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று ஒரு கதை உலவுகிறது. தேவையில்லை. முதலை தரையில் சில அடி தூரம் விரைவாகப் பாயும், நெடுந்தூரம் துரத்தாது. நேராக, நீரை விட்டு விலகி ஓடினால் போதும்.

ஊருக்குள் வந்துவிட்டால்

கோடையில் குட்டை வற்றும்போது இம்முதலை இரவில் நீண்ட தொலைவு நடந்து வேறு நீர்நிலைக்குப் போகும். விடிந்துவிட்டால் வைக்கோல் போருக்கு அடியிலோ மாட்டுக் கொட்டகையிலோ பதுங்கும். அது வழி தப்பிய விலங்கு; இரை தேடி வந்தது அல்ல. கூட்டம் கூடி, கயிறு வீசி, வாலைப் பிடித்து இழுத்துக் கைப்பேசியில் படம் எடுப்பதுதான் அதைத் தாக்க வைக்கிறது. வாலின் ஓர் அடி கால் எலும்பை முறிக்கும். நாய்களைக் கட்டிவிட்டு, அது போகும் வழியைத் திறந்து வைத்து, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். சிதம்பரம் வனச்சரகத்தினர் முதலை பிடிப்பதில் தேர்ந்தவர்கள். கண்ணை ஈரச் சாக்கால் மூடியதும் முதலை அடங்கும். தாடையை மூடும் தசை மிக வலியது, திறக்கும் தசை எளியது என்பதால் கயிற்றுக் கட்டு ஒன்றே வாயைத் திறக்கவிடாது.

பிடித்த முதலைகளைச் சிதம்பரத்தை அடுத்த வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது நெடுநாள் வழக்கம். இது தீர்வா என்று கேட்டால், பாதி என்றுதான் சொல்ல வேண்டும். முதலைக்குத் தன் இடம் நினைவிருக்கும். ஆசுதிரேலியாவில் வானூர்தியில் தூக்கிப்போய் விட்ட உவர்நீர் முதலை ஒன்று, 400 கிலோமீட்டருக்கும் மேல் கடல்வழியே நீந்திப் பழைய இடத்துக்கே திரும்பியதைச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆராய்ந்தவர்கள் 2007இல் வெளியிட்டனர். ஒன்றைப் பிடித்துப் போனாலும் அந்த மடு வெறுமையாக நெடுநாள் இருக்காது என்பதையும் நினைக்க வேண்டும்.

கொல்வதற்குச் சட்டம் இடம் தராது. வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு செய்யும் தற்காப்பு மட்டும் குற்றமாகாது.

கடித்துவிட்டால்

முதலை கவ்விய பின் பெரும்பாலும் ஆழத்துக்கு இழுக்கும், பிறகு உடலைச் சுழற்றும். எனவே முதல் நொடிகளே முக்கியம். பிடிபட்டவர் கையில் கிடைத்ததால் அதன் கண்ணைக் குத்த வேண்டும். அதற்கு வலி தெரியும் இடம் அது. கரையில் இருப்பவர் நீரில் குதிக்காமல், அக்குளில் கை கொடுத்தோ கம்பு, துடுப்பு, சேலையை நீட்டியோ இழுக்க வேண்டும். விட்டுவிட்ட முதலை மீண்டும் வரும் என்பதால் நீர் விளிம்பிலேயே உட்கார்ந்து காயத்தைப் பார்க்கக் கூடாது.

காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து 108 ஊர்தியை அழைக்க வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. சிறு காயம் என்று தையல் போட்டு வீட்டுக்குப் போவதும் ஆபத்தே. முதலையின் வாயிலும் ஆற்று நீரிலும் உள்ள நுண்ணுயிர்கள் ஆழமான பல் குழியில் சீழ் பிடிக்கவைக்கும். காயத்தை நன்கு கழுவித் திறந்தபடி வைப்பதா, தைப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். இரண ஜன்னி ஊசியும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்தும் தேவைப்படும். நாய்க்கடி ஊசி தேவையில்லை; வெறிநோய் பாலூட்டிகளுக்கே உரியது. சிதம்பரத்தில் காமராசர் அரசு மருத்துவமனையும், அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. வனத்துறை இழப்பீட்டுக்கு மருத்துவச் சான்று, காவல்நிலையப் பதிவு இரண்டும் வேண்டியிருப்பதால், சிகிச்சை தொடங்கும்போதே வனச்சரக அலுவலகத்துக்கும் தகவல் தர வேண்டும்.

தடுப்பு வேலியும் குழாயும்

இலங்கையின் மாத்தறைப் பகுதியில் நில்வளா கங்கையில் குளிப்பவர்களுக்காக, ஆற்றுக்குள் கம்புகளையோ இரும்புக் கம்பிகளையோ நெருக்கமாக நட்டு மூன்று பக்கமும் அடைத்த துறைகள் உண்டு. சிங்களத்தில் இவற்றைக் 'கிம்புலா கொட்டுவ', அதாவது முதலைக் கோட்டை என்பர். உள்ளே நீர் ஓடும், முதலை வராது. ஒடிசாவின் பிதர்கனிகாவிலும் படித்துறைகளைச் சுற்றி வனத்துறை வேலி அமைத்துள்ளது. குசராத்தின் சரோதர் பகுதியில் ஊர்க் குளத்திலேயே நம்முடைய அதே இன முதலைகள் நிறைய வாழ்கின்றன. கொடியார் அம்மனின் ஊர்தி என்று மக்கள் அவற்றை மதித்து, விலகி நடந்துகொள்கின்றனர். கசேந்திர மோட்சக் காட்சியைக் கோயில் சுவரில் பார்த்துப் பழகிய நமக்கு முதலை என்றால் பகைவன்தான்!

பழைய கொள்ளிடக் கரை மக்களும் வேலியிட்ட படித்துறை கேட்டுவருகின்றனர். அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை எளியவை. கம்பிகளின் இடைவெளி ஒரு சாண் அளவுக்குள் இருக்க வேண்டும். அடியில் தரையோடு பொருந்த வேண்டும், இல்லையேல் முதலை தோண்டி நுழையும். வெள்ளமட்டத்துக்கு மேல் உயரம் வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் உள்ளே முதலை அடைபட்டிருக்கிறதா, கம்பி வளைந்திருக்கிறதா என்று பார்த்த பின்பே மக்களை இறக்க வேண்டும். பராமரிக்காத வேலி, வேலி இல்லாததை விடத் தீங்கு செய்யும். நம்பி இறங்குவார்கள் அல்லவா?

வேலியை விடச் செலவு குறைந்த வழி, ஆற்றங்கரைத் தெருக்களுக்குக் குடிநீர்க் குழாயோடு குளிக்கவும் துவைக்கவும் போதிய நீரும், பெண்களுக்கான குளியலறையும், மாடுகளுக்குக் கரைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டித் தருவது. எந்தத் தெருவுக்கு முதலில் என்பதை முடிவுசெய்ய, முதலை கடித்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தாலே போதும்.